எலக்ட்ரிக் கார்கோ சைக்கிள்: இருபது வருஷம் சைக்கிள் ஓட்டிய கை இதில் ஏன் தடுமாறுகிறது?

#1 வெயில்நிழல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்தே சைக்கிள்தான் ஓட்டுகிறேன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தைரியத்தில் பத்து நாளைக்கு முன் ஒரு எலக்ட்ரிக் கார்கோ சைக்கிள் வாங்கினேன். இரண்டு சக்கர வண்டி. ஹேண்டிலுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் தாழ்வாக ஒரு மரப்பெட்டி இருக்கும். முன்சக்கரம் 20 இன்ச், பின்சக்கரம் 26. வண்டி மட்டுமே 48 கிலோ. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. இரண்டு பேரையும் தினமும் பள்ளியில் விட்டுக் கூட்டிவரத்தான் வாங்கினேன்.

முதல் நாள் காலி வண்டியையே என்னால் நேராக ஓட்ட முடியவில்லை. ஏறி மிதித்ததும் பாம்பு மாதிரி நெளிந்தது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கொஞ்சம் பரவாயில்லை. நாலாம் நாள் துணிந்து மகனை ஏற்றினேன். ஓடும்போது ஒன்றும் ஆகவில்லை. ஒரு முக்கில் நிறுத்தி இடது காலை ஊன்றினேன், அந்த இடம் கொஞ்சம் பள்ளமாக இருந்திருக்கிறது. வண்டி அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது. கண்ணெதிரே சாய்கிறது, முழு பலத்தையும் போட்டும் என்னால் தூக்கி நிறுத்த முடியவில்லை. அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது.

பெல்ட்டும் ஹெல்மெட்டும் போட்டிருந்ததால் பிள்ளைக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அவன் பெட்டியின் விளிம்பை வெளியே விரல் தெரிகிற மாதிரி பிடித்திருந்தான். மரத்துக்கும் தரைக்கும் நடுவில் அந்த விரல்கள் மாட்டாமல் போனது நூலிழையில்தான். அதை நினைத்தால் இன்னமும் வயிற்றைப் பிசைகிறது.

அன்றிலிருந்து பிள்ளைகளை ஏற்றவில்லை. எனக்குத்தான் இது வரவில்லையா, இல்லை எல்லோருக்கும் முதலில் இப்படித்தானா? உங்களுக்கெல்லாம் எத்தனை நாள் பிடித்தது? திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

#2 நீள்வால்

சகோதரி, முதலில் ஒன்று. நின்ற இடத்தில் சாய்வது இந்த வண்டி ஓட்டுகிற நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது. எனக்கும் நடந்தது. என்னுடையது பின்பக்கம் நீளமாக கேரியர் உள்ள வண்டி, பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் உட்காருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மகளோடு சாய்ந்தேன்.

உங்களுக்கு ஓட்ட வரவில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் கைக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது, அந்தப் பழக்கம் வேறொரு வண்டிக்கு உரியது. எனக்கு முழுசாகக் கை பழக மூன்று வாரம் ஆனது. அதில் முதல் வாரம்தான் கஷ்டம்.

#3 பழுதுபட்டறை

தங்கச்சி, நான் சைக்கிள் பட்டறை வச்சிருக்கேன், இந்த மாதிரி வண்டிங்க வாரத்துக்கு ரெண்டு மூணு வரும். திருப்பிக் கொடுக்கறதைப் பத்தி இப்ப யோசிக்காதீங்க. நான் சொல்ற சிலதைப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஓட்டும்போது உங்க கண்ணு எங்க இருக்குன்னு நெனைச்சுப் பாருங்க. பெட்டியையோ முன்சக்கரத்தையோ பாக்கறீங்க, சரியா? சாதா சைக்கிள்ல சக்கரம் கைக்குக் கீழயே இருக்கும், ஓரக்கண்ணுலயே தெரிஞ்சிரும். இதுல சக்கரம் எங்கேயோ முன்னாடி இருக்கு, கையிலிருந்து ஒரு கம்பி பெட்டிக்கு அடியில போய் அதைத் திருப்புது. சக்கரத்தைப் பாத்துக்கிட்டே ஓட்டினா, அது திரும்பறது கண்ணுல படறதுக்குள்ள நீங்க இன்னும் கொஞ்சம் திருப்பிருவீங்க, அப்புறம் அதைச் சரிபண்ண எதிர்ப்பக்கம் திருப்புவீங்க. நெளியறதுக்குக் காரணமே அதுதான். பத்துப் பதினஞ்சு மீட்டர் தள்ளி ரோட்டைப் பாருங்க. பெட்டின்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துருங்க. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இந்த ஒண்ணு சொன்னவுடனே நெளிசல் போயிரும்.

ரெண்டாவது, நீளம். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி கூடக்கூட, ஹேண்டிலை அதே அளவு திருப்பினாலும் வண்டி குறைவாத்தான் திரும்பும். நடக்கற வேகத்துல போறப்ப பேலன்ஸ் பண்ண ஹேண்டிலைக் கொஞ்சம் தாராளமாத் திருப்பணும். எட்டு, பத்து கி.மீ. வேகம் வந்துட்டா வண்டி சாயாம தானா நேரா ஓடும். அதனால கிளம்பறப்ப பயந்து பயந்து மெதுவா உருட்டாதீங்க, தயங்காம அந்த வேகத்துக்கு வந்துருங்க.

மூணாவது, சீட்டை இறக்குங்க. ரெண்டு பாதமும் முழுசா தரையில படியணும். மிதிக்க முட்டி வலிக்கும், தெரியும். ஒரு மாசம் பொறுத்துக்கிட்டு அப்புறம் ஏத்திக்கலாம்.

அப்புறம் வண்டியையும் பாத்துருங்க. முன் டயர்ல காத்து எவ்வளவு இருக்கு? டயரோட பக்கவாட்டுல குறைஞ்சது எவ்வளவு, கூடினது எவ்வளவுன்னு அச்சடிச்சிருக்கும், பாத்துச் சொல்லுங்க. அடுத்து முன்பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலை இடமும் வலமும் ஒரு விரல் அளவு மட்டும் ஆட்டுங்க. சக்கரம் உடனே அசையணும். கை அசைஞ்சு சக்கரம் அசையலைன்னா, கம்பியோட முனையில இருக்கற மூட்டு லூசா இருக்கு. அப்படி இருந்தா பிள்ளைங்களை ஏத்தவே ஏத்தாதீங்க, உடனே சரி பண்ணணும்.

#4 காற்றோடு

இவ்வளவு சிரமம் எதற்கு? பேசாமல் மூன்று சக்கர வண்டிக்கு மாறிவிடுங்கள். நிறுத்தினால் சாயாது, கால் ஊன்றவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

#5 மூவுருளி

இதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. நாலு வருஷமாக முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் உள்ள வண்டி ஓட்டுகிறேன். நின்றால் சாயாது என்பது உண்மை. ஆனால் திருப்பத்தில் கவிழும். ‘மூன்று சக்கரம், விழாது’ என்று நம்பி ஏறுகிறவர்கள்தான் முதல் வாரத்தில் ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கிவிடுகிறார்கள்.

இரண்டு சக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாயும், அதனால் நமக்கு எதுவும் தெரியாது. மூன்று சக்கரம் சாயாது (சாய்கிற மாதிரி மூட்டு வைத்த வண்டிகளும் உண்டு, நான் சொல்வது சாதாரண வண்டி). வளைவில் உடம்பும் சுமையும் வெளிப்பக்கம் தள்ளப்படும். நாமேதான் உடம்பை உள்பக்கம் வளைத்து உட்கார வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் நிலைமை மோசமாகும். சாலை ஒரு ஓரம் சரிந்திருந்தால் வண்டியும் அந்த ஓரத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். முதல் வாரம் எனக்குத் தோள்பட்டை வலித்ததற்கு அதுதான் காரணம். இரண்டு சக்கரத்தில் நன்றாகப் பழகியவர்களுக்குத்தான் இது ரொம்பக் கடினம், ஏனென்றால் அவர்கள் கை அறியாமலே ஹேண்டிலை எதிர்ப்பக்கம் அழுத்திச் சாய்க்கப் பார்க்கும்.

என் வண்டியை நான் குறை சொல்லவில்லை, அதன் மேல் உயிரையே வைத்திருக்கிறேன். நிறைய சுமை, குறைந்த வேகம், அடிக்கடி நிறுத்தம் என்றால் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் இதற்கும் தனியாகப் பழகத்தான் வேண்டும். வெயில்நிழல் அவர்களுக்கு இரண்டு சக்கரம் ஏற்கெனவே தெரியும், இன்னும் இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

#6 வெயில்நிழல்

பட்டறை அண்ணா, காற்று பார்த்தேன். டயரில் 2.5 முதல் 4.5 பார் (காற்றழுத்த அளவு) என்று போட்டிருக்கிறது, உள்ளே இருந்தது 1.6! வாங்கிய நாளிலிருந்து நான் பார்க்கவே இல்லை. 3.5 வைத்து ஓட்டினால் ஹேண்டில் அவ்வளவு லேசாக இருக்கிறது. கம்பி மூட்டு இறுக்கமாகத்தான் இருக்கிறது, கையோடு சக்கரமும் அசைகிறது.

தூரமாகப் பார்த்து ஓட்டுவதும் உண்மைதான். நெளிசல் முழுசாகப் போகவில்லை, ஆனால் இப்போது பெட்டியை நான் எப்போது பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. அதைப் பார்த்த அந்த நிமிஷமே நெளிகிறது.

இன்னொரு சந்தேகம். மெதுவாக யூ டர்ன் அடிக்கும்போது மோட்டார் திடீரென்று தள்ளுகிறது. மோட்டாரை அணைத்துவிட்டு முதலில் வெறும் வண்டியாகப் பழகலாமா?

#7 சரக்குத்தோழன்

என் யோசனை: அணைத்துவிட்டே பழகுங்கள். நான் பார்சல் விநியோகம் செய்கிறேன், ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது முறை நிறுத்திக் கிளம்புவேன். மோட்டார் தள்ளுகிற தள்ளலில் நம் பிழைகள் மறைந்துவிடும். வண்டியின் உண்மையான எடை தெரிந்தால்தான் மரியாதை வரும்.

#8 பழுதுபட்டறை

தம்பி, உங்க அனுபவத்தை மதிக்கறேன், ஆனா இதுல எனக்கு உடன்பாடு இல்ல. வண்டி 48 கிலோ, அவங்க 60ன்னு வச்சாலும் காலி பெட்டியோடவே 108 கிலோவை நின்ன இடத்துல இருந்து காலாலயே நகர்த்தணும். முதல் மூணு மிதி ரொம்ப மெதுவா இருக்கும், ஆட்டம் அதிகமா வர்ற இடமே அந்த மூணு மிதிதான். புதுசா பழகறவங்களை வேணும்னே அந்த ஆட்டத்துல மாட்டிவிடற மாதிரி ஆயிரும். மோட்டாரை ஆஃப் பண்ண வேணாம், இருக்கறதுலயே கம்மியான உதவியில வச்சுக்கங்க. ஆஃப் பண்ணி ஓட்டறதை அப்புறமா ஒரு நாள் பழகிக்கலாம், வழியில சார்ஜ் தீந்தா உதவும்.

தங்கச்சி, திடீர்னு தள்ளுதுன்னு சொன்னீங்கல்ல, மோட்டார் எங்க இருக்கு? பெடல் நடுவுலயா, சக்கரத்துலயா? மிதிக்கறதை நிறுத்தினா உடனே நிக்குதா, இல்ல ஒரு நொடி தள்ளிட்டு நிக்குதா?

#9 வெயில்நிழல்

பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிறது அண்ணா. அரைச் சுற்று மிதித்த பிறகுதான் தள்ள ஆரம்பிக்கிறது, நிறுத்தினாலும் ஒரு நொடி தள்ளிவிட்டுத்தான் நிற்கிறது.

#10 பழுதுபட்டறை

அப்ப அது பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும் பாக்கற சென்சார். நீங்க எவ்வளவு அழுத்தறீங்கன்னு அதுக்குத் தெரியாது. லேசா சுத்தினாலும் கொடுக்கறதைக் கொடுக்கும், அதுவும் கொஞ்சம் தாமதமா. அழுத்தத்தை அளக்கற சென்சார் இருக்கற வண்டியில கால் எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் வரும், பழகறது சுலபம். உங்களுது கொஞ்சம் பொறுமையா பழகணும், அவ்வளவுதான்.

யூ டர்னுக்கு வழி இருக்கு. பின்பிரேக்கை லேசா, டிஸ்க்ல பேட் உரசற அளவுக்குப் பிடிச்சுக்கிட்டே மிதிங்க. நெறைய வண்டியில பிரேக் லீவரைத் தொட்டாலே மோட்டாருக்குப் போற மின்சாரம் நின்னுரும், அதுக்குன்னே லீவர்ல சுவிட்ச் இருக்கும். உங்க வண்டியில இருந்தா ஒரு விரல் எப்பவும் லீவர் மேலயே இருக்கட்டும், திருப்பத்துல தள்ளுதுன்னா தொட்டாப் போதும். ரொம்பக் குறுகலான இடம்னா இறங்கித் தள்ளுங்க. நடக்கறப்ப உதவற பட்டன் இருந்தா அதை அழுத்திக்கங்க, நடக்கற வேகத்துக்கு அதுவே உருட்டிக் கொடுக்கும்.

#11 சரக்குத்தோழன்

சென்சார் விவரம் தெரியாமல் சொல்லிவிட்டேன், பட்டறை அண்ணன் சொல்வது சரி. என் வண்டி அழுத்தம் பார்க்கிற வகை. நான் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பின்னால் செயின் மாறுகிற கியர் என்றால், நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிடுங்கள். நின்ற பிறகு மாற்ற முடியாது, கனமான கியரில் கிளம்பினால் ஆட்டம் இரட்டிப்பாகும். கியர் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற வகை என்றால் நின்றபடியே மாற்றிக்கொள்ளலாம்.

#12 நீள்வால்

மறுபடி பிள்ளையை ஏற்றுவதற்கு முன் தண்ணீர் கேனை ஏற்றுங்கள். நான் அப்படித்தான் பழகினேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம். முதலில் 10 லிட்டர், இரண்டு நாள் கழித்து 20, பிறகு பிள்ளைகளின் எடைக்குச் சமமாக. கேனை முழுசாக நிரப்பி, அசையாதபடி கட்டுங்கள். அது பழகிய பிறகு ஒரு கேனை வேண்டுமென்றே பாதி மட்டும் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் போய் இடிக்கும், நிறுத்தும்போது முன்னால் வந்து இடிக்கும். உள்ளே பிள்ளை திடீரென்று திரும்பி உட்கார்ந்தால் கைக்கு எப்படி இருக்குமோ ஏறக்குறைய அப்படி இருக்கும். அதை நான் என் மகளை வைத்துக் கற்றுக்கொள்ளாமல் கேனை வைத்துக் கற்றுக்கொண்டதில் எனக்கு இன்றும் நிம்மதி.

கனம் எப்போதும் கீழே, நடுவில். முன்பெட்டி வண்டியின் வடிவமே அதற்காகத்தான். டென்மார்க்கில் 1920களிலேயே இந்த மாதிரி நீளமான வண்டியில், ஓட்டுபவருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் தரையை ஒட்டிச் சுமை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். ‘லாங் ஜான்’ என்பார்கள். தாழ்ந்த அந்த இடத்தைப் பள்ளிப் பைக்கும் பிள்ளைக்கும் கொடுங்கள், ஹேண்டிலில் எதையும் தொங்கவிடாதீர்கள். என்னைப் போல் பின்பக்கம் ஏற்றுகிறவர்கள் கனமான பிள்ளையை முதுகை ஒட்டியும் லேசான பிள்ளையைக் கடைசியிலும் உட்கார வைக்க வேண்டும். நான் ஒரு தடவை மாற்றி உட்கார வைத்து, வேகத்தில் ஹேண்டில் உதற ஆரம்பித்துவிட்டது. அப்போது இறுக்கிப் பிடிக்காமல், முட்டி இரண்டையும் வண்டியின் குழாயோடு சேர்த்து அணைத்து, மெல்ல வேகத்தைக் குறைத்தால் உதறல் நின்றுவிடும்.

#13 வெயில்நிழல்

ஆறு நாள் தண்ணீர் கேனோடு ஓட்டினேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீள்வால் அண்ணா, அந்தப் பாதிக் கேன்! முதல் வளைவிலேயே ‘தடால்’ என்று பெட்டியின் பக்கத்தில் தண்ணீர் வந்து மோதியது, கை தானாக எதிர்ப்பக்கம் போனது. இருபது தடவை அதே வளைவைச் சுற்றினேன். பதினைந்தாவது சுற்றில்தான் தண்ணீர் மோதுவதற்கு முன்பே என் இடுப்பு அதற்குத் தயாரானதை உணர்ந்தேன். சைக்கிள் பழகிய சின்ன வயதில் வந்த அதே சந்தோஷம்.

நிறுத்துவதற்கு ஒரு முறையை எனக்கு நானே வகுத்துக்கொண்டேன். நிற்கப்போகிற இடத்தைப் பத்து மீட்டர் முன்பே தேர்ந்தெடுக்கிறேன்: சமதளமா, மணல் இல்லையா. ஹேண்டிலை நேராக வைத்துத்தான் நிற்கிறேன், திருப்பிய நிலையில் நின்றால் பெட்டி ஒரு பக்கம் இழுக்கிறது. நின்றவுடன் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, வண்டியை இடுப்போடு சேர்த்துக்கொள்கிறேன். சாய்வு இரண்டு விரல் அளவு இருக்கும்போதே இடுப்பால் தட்டி நிமிர்த்தினால் பலமே தேவையில்லை. அன்று நான் அந்த நேரத்தைத் தவறவிட்டுவிட்டுக் கையால் தூக்கப் பார்த்திருக்கிறேன்.

#14 மூவுருளி

அருமை. அந்த இடுப்புதான் விஷயம். இன்னும் இரண்டு செய்யுங்கள். பிள்ளைகள் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி கட்டாயம் சென்ட்டர் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொட்டிருக்கிறதா என்று பார்த்து, முழு எடையோடு காலால் மிதித்தபடி வண்டியைப் பின்னால் இழுங்கள், கையால் தூக்காதீர்கள். சரிவில் நிறுத்தினால் பிரேக் லீவரை ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள். அடுத்து, பிள்ளைகளுக்குக் கை வைக்க ஒரு இடம் காட்டுங்கள், மடியிலோ உள்பக்கக் கைப்பிடியிலோ. விளிம்பில் கை இருக்கக் கூடாது என்பதைக் கிளம்புவதற்கு முன் தினமும் சொல்லுங்கள்.

#15 சரக்குத்தோழன்

பிரேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. புது டிஸ்க் பிரேக் முதல் நாளே முழு பலத்தோடு பிடிக்காது. ஆள் இல்லாத இடத்தில் 20 கி.மீ. வேகத்துக்கு வந்து, கிட்டத்தட்ட நிற்கிற வரை அழுத்திப் பிடித்து விடுங்கள். இருபது முப்பது தடவை செய்தால் பேட் படிந்துவிடும், வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

சுமையோடு 15 கி.மீ. வேகமே எனக்குப் போதும். 25 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி தாமதமாகச் சுதாரித்தால், பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே வண்டி ஏழு மீட்டர் போயிருக்கும். 15இல் நாலு மீட்டர்தான். பிரேக் பிடித்த பிறகு நிற்கிற தூரமோ 15இல் ஆவதைப் போல 25இல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

முன்பெட்டி வண்டியில் இதைவிட எனக்குக் கவலை தருவது சந்து முனை. சுவரைத் தாண்டி உங்கள் கண் சாலையைப் பார்ப்பதற்கு முன்பே பெட்டி சாலைக்குள் நிற்கும். அந்தப் பெட்டியில் இருப்பது பிள்ளைகள். உங்கள் கண்ணிலிருந்து முன்சக்கரத்தின் நுனி வரை எவ்வளவு என்று ஒரு தடவை அளந்து பாருங்கள்.

#16 வெயில்நிழல்

அளந்தேன். 1.7 மீட்டர். நான் எட்டிப் பார்க்கிற நேரத்தில் என் மகன் ஏற்கெனவே சாலையில் இருப்பான் என்று நினைத்தபோது கை நடுங்கியது. போகிற வழியில் அப்படி இரண்டு முனைகள் இருக்கின்றன. ஒன்றைத் தவிர்த்து வேறு வழி கண்டுபிடித்துவிட்டேன். இன்னொன்றில் இறங்கி, பெட்டியின் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு கடக்கிறேன். அரை நிமிஷம் கூடுதலாகிறது, ஆகட்டும்.

#17 புதுமிதி

நானும் வாங்க நினைக்கிறேன். குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். 500 வாட் ஹவர் பேட்டரி இரண்டு பிள்ளைகளோடு எவ்வளவு தூரம் வரும்?

#18 பழுதுபட்டறை

சுமையோட கி.மீ.க்கு 10லிருந்து 20 வாட் ஹவர் வரைக்கும் இழுக்கும். மேடு, எதிர்காத்து, அடிக்கடி நிறுத்தறது எல்லாம் சேந்தா 20. அப்படின்னா 25 கி.மீ.ன்னு கணக்கு வச்சுக்கங்க, அதுக்கு மேல கிடைச்சா லாபம். தினமும் முழுசா தீர விடாதீங்க. சுடுற வெயில்ல நின்ன வண்டியை வந்த சூட்டோட சார்ஜ்ல போடாதீங்க, கொஞ்சம் ஆறட்டும். உறையற குளிர்லயும் சார்ஜ் போடக் கூடாது.

#19 வெயில்நிழல்

இன்று காலை மகனை ஏற்றினேன்.

அவனுக்குப் பயம் இருக்கும் என்று நினைத்தேன். ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த வண்டியில் தானே ஏறி, பெல்ட்டை மாட்டச் சொல்லி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ‘கை உள்ள இருக்கு’ என்று அவனே சொன்னான். போகும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான், ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. பழைய சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

போன தடவை சாய்ந்த அதே முக்கில் நிற்க வேண்டி வந்தது. பள்ளத்துக்கு ஒரு மீட்டர் முன்பாகவே நின்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான், பெட்டி லேசாக அசைந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் மகளையும் சேர்த்து ஏற்றப்போகிறேன். அதற்கு முன் கடைசியாக ஒரு சந்தேகம்: மழைக்கு மூடுகிற கூடாரத் துணி பெட்டிக்கு மாட்டியிருக்கிறேன். நேற்று அதோடு காலி வண்டியை ஓட்டியபோது பக்கக் காற்றில் முன்பக்கம் தள்ளியது. இது வழக்கமா?

#20 நீள்வால்

வழக்கம்தான். துணி பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும், காலி வண்டியில் இன்னும் அதிகமாகத் தெரியும். கட்டடங்களின் இடைவெளியைக் கடக்கும்போதும், பெரிய வண்டி ஒன்று உங்களைத் தாண்டிப் போகும்போதும் எதிர்பார்த்து இருங்கள், ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள், சாலையின் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் இடம் விட்டு ஓட்டுங்கள். பலத்த காற்று வீசுகிற நாளில் துணியைக் கழற்றிவிட்டு இரண்டு பேருக்கும் மழைக்கோட்டு போட்டுவிடுங்கள்.

#21 வெயில்நிழல்

நன்றி அண்ணா. நாளைக்குக் காற்று இருக்கிறது என்கிறார்கள். முதலில் 38 லிட்டர் தண்ணீரோடு ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன், இரண்டு பேரின் எடையும் சேர்த்து அவ்வளவுதான்.